சிறப்புச் சார்புக் கோட்பாடு

சிறப்புச் சார்புக் கோட்பாடு என்பது வெளி, நேரம், இயக்கம் ஆகியவற்றுக்கு இடையிலான தொடர்பை விளக்கும் இயற்பியல் கோட்பாடு ஆகும். இதனை ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் 1905 ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஒன்றைச் சார்ந்து மற்றொன்று நேர்கோட்டில் சீரான வேகத்துடன் இயங்கும் ஆய்வகங்கள் அனைத்திலும் இயற்பியல் விதிகள் ஒன்றே என்பதும், வெற்றிடத்தில் ஒளியின் வேகம் அவை அனைத்திலும் ஒரே அளவாகவே அமையும் என்பதும் இதன் இரு அடிப்படை எடுகோள்கள் ஆகும். ஈர்ப்பு விசையை இக்கோட்பாடு கருத்தில் கொள்வதில்லை. அதனாலேயே "சிறப்பு" என்னும் அடைமொழி இதற்கு உண்டு. ஈர்ப்பையும் உள்ளடக்கிய பொதுச் சார்புக் கோட்பாட்டை ஐன்ஸ்டைன் 1915 இல் நிறைவு செய்தார்.

பெயரை மட்டும் கொண்டு, "எல்லாமே அவரவர் பார்வையைப் பொறுத்தது" என்று இக்கோட்பாடு கூறுவதாகப் பலர் எண்ணுகின்றனர். இது தவறு. எவையெவை நோக்கரைப் பொறுத்து மாறும், எவையெவை மாறா என்பதைத் துல்லியமாகப் பிரித்துக் காட்டுவதே இக்கோட்பாட்டின் பணி. ஓடும் கடிகாரம் மெதுவாக நடக்கும், ஓடும் பொருள் குறுகும் என்னும் இரண்டு முடிவுகள் பரவலாக அறியப்பட்டவை. ஆனால் அவ்விரண்டுக்கும் அடியில் இருப்பது, வெவ்வேறு இடங்களில் நிகழும் இரு நிகழ்வுகள் "ஒரே நேரத்தில்" நிகழ்ந்தன என்று கூறுவதற்கு எல்லோருக்கும் பொதுவான பொருள் இல்லை என்னும் மூன்றாவது முடிவாகும். அதனை விளங்கிக்கொள்ளாமல் மற்ற இரண்டையும் கற்கும் மாணவருக்கு அவை முரண்பாடுகளாகவே தோன்றும்.

பின்னணி

சார்புக் கொள்கை ஐன்ஸ்டைனுக்கு மிகவும் முந்தையது. 1632 இல் வெளியான தமது உரையாடல் நூலில், சீராகச் செல்லும் கப்பலின் மூடிய அறைக்குள் இருப்பவர் எந்தச் சோதனையைச் செய்தாலும் கப்பல் நிற்கிறதா செல்கிறதா என்று கண்டறிய இயலாது எனக் கலிலியோ விளக்கினார். நியூட்டனின் இயக்க விதிகளும் இக்கொள்கைக்கு உடன்பட்டவை. நியூட்டனின் முதல் விதி பொருந்துகின்ற, முடுக்கம் இல்லாத இத்தகைய ஆய்வகங்கள் நிலைமச் சட்டகங்கள் எனப்படுகின்றன.

சிக்கல் ஒளியினால் வந்தது. ஒளி ஒரு மின்காந்த அலை என்பதையும், அதன் வேகம் மின்னியல், காந்தவியல் மாறிலிகளிலிருந்தே கிடைக்கும் என்பதையும் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் 1860களில் காட்டினார். நொடிக்கு ஏறத்தாழ 3,00,000 கி.மீ. என்னும் அந்த வேகம் எதனைச் சார்ந்தது என்னும் கேள்விக்கு அவரது சமன்பாடுகளில் விடை இல்லை. ஒலிக்குக் காற்று ஊடகமாக இருப்பது போல ஒளிக்கு "ஈத்தர்" என்னும் ஊடகம் இருக்க வேண்டும் என்றும், ஒளி வேகம் அதனைச் சார்ந்தது என்றும் அக்கால அறிஞர்கள் கருதினர். அப்படியானால் கதிரவனை நொடிக்கு 30 கி.மீ. வேகத்தில் சுற்றிவரும் புவியின் மீது ஓர் ஈத்தர்க் காற்று வீச வேண்டும்.

அக்காற்றை அளக்க ஆல்பர்ட் மைக்கல்சனும் எட்வர்ட் மோர்லியும் 1887 இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் செய்த சோதனை புகழ்பெற்றது. ஒரு ஒளிக்கற்றையை இரண்டாகப் பிரித்து, ஒன்றுக்கொன்று செங்குத்தான பாதைகளில் அனுப்பி, மீண்டும் இணைத்து, உண்டாகும் குறுக்கீட்டு வரிகள் கருவியைச் சுழற்றும்போது நகர்கின்றனவா என்று அவர்கள் நோக்கினர். பாதரசத்தின் மேல் மிதந்த கற்பலகையின் மீது கருவி அமைக்கப்பட்டிருந்தது. வரிகள் ஒரு வரியகலத்தின் 0.4 பங்கு நகரும் என எதிர்பார்க்கப்பட்டது. கிடைத்த நகர்வு அதில் இருபதில் ஒரு பங்கைக் கூட எட்டவில்லை.

ஈத்தரைக் காப்பாற்றும் முயற்சியில், இயங்கும் பொருள்கள் இயக்கத் திசையில் சற்றே குறுகுகின்றன என்று ஜார்ஜ் பிட்ஸ்ஜெரால்டு 1889 இலும், ஹென்ட்ரிக் லோரன்ட்ஸ் 1892 இலும் தனித்தனியே கூறினர். லோரன்ட்ஸ் 1904 இல் எழுதிய உருமாற்றச் சமன்பாடுகளுக்கு அவரது பெயரையே 1905 இல் ஆன்றி புவன்கரே சூட்டினார். எனவே சார்புக் கோட்பாட்டின் கணக்கியல் வடிவத்தில் பெரும்பகுதி ஐன்ஸ்டைனுக்கு முன்னரே கைக்கு வந்துவிட்டது எனலாம். அச்சமன்பாடுகள் எதைப் பற்றியவை என்பதில்தான் தெளிவு இல்லாமல் இருந்தது.

1905 ஆம் ஆண்டுக் கட்டுரை

ஐன்ஸ்டைன் அப்போது சுவிட்சர்லாந்தின் பேர்ண் நகரில் காப்புரிமை அலுவலகத்தில் பணியாற்றிய 26 வயது இளைஞர். "இயங்கும் பொருள்களின் மின்னியக்கவியல் பற்றி" என்று பொருள்படும் தலைப்பில் அவர் ஜெர்மன் மொழியில் எழுதிய கட்டுரை 1905 சூன் 30 அன்று "அன்னாலன் டெர் பிசிக்" என்னும் ஆய்விதழுக்குக் கிடைத்தது. வேறு எந்த ஆய்வுக் கட்டுரையும் அதில் மேற்கோளாகக் குறிப்பிடப்படவில்லை. தம் நண்பர் மிக்கேலே பெஸ்ஸோவுக்கு மட்டும் இறுதியில் நன்றி கூறியுள்ளார்.

கட்டுரை மைக்கல்சனின் சோதனையோடு தொடங்கவில்லை. எந்தப் பள்ளி ஆய்வகத்திலும் செய்யக்கூடிய ஒன்றோடு தொடங்குகிறது. ஒரு கம்பிச் சுருளை நோக்கிக் காந்தத்தை நகர்த்தினால் சுருளில் மின்னோட்டம் உண்டாகும். காந்தத்தை நிறுத்திவிட்டுச் சுருளை நகர்த்தினாலும் அதே மின்னோட்டம் உண்டாகும். ஆனால் அக்காலப் பாடநூல்கள் இவ்விரண்டுக்கும் வெவ்வேறு காரணம் கூறின. முதலாவதில் மின்புலம் தோன்றுகிறது என்றும், இரண்டாவதில் மின்புலம் இல்லை, இயங்கும் மின்னூட்டங்களின் மேல் காந்த விசை செயல்படுகிறது என்றும் விளக்கின. இயற்கை வேறுபாடு காட்டாத இடத்தில் விளக்கம் மட்டும் வேறுபடுவது ஐன்ஸ்டைனுக்கு ஏற்புடையதாக இல்லை.

கட்டுரையின் முதல் பிரிவின் தலைப்பு "ஒருங்குநிகழ்வின் வரையறை" என்பதாகும். இது தற்செயலானது அன்று. சார்புக் கொள்கையும் ஒளி வேகத்தின் மாறாமையும் ஒன்றோடொன்று பொருந்தாமல் தம்மை நெடுங்காலம் அலைக்கழித்ததாகவும், பேர்ணில் ஒரு நண்பருடன் உரையாடிய பின்னரே நேரத்தைப் பற்றிய கருத்தில்தான் சிக்கல் உள்ளது எனத் தமக்கு விளங்கியதாகவும், அதன்பின் ஐந்தே வாரங்களில் கோட்பாடு முடிவுற்றதாகவும் ஐன்ஸ்டைன் 1922 இல் சப்பானின் கியோட்டோ நகரில் ஆற்றிய உரையில் நினைவுகூர்ந்தார். இக்கட்டுரையையும் இது தொடர்பான வேறு சில கட்டுரைகளையும் மேகநாத சாகாவும் சத்தியேந்திர நாத போசும் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, 1920 இல் கல்கத்தாப் பல்கலைக்கழகம் அவற்றை நூலாக வெளியிட்டது.

எடுகோள்கள்

முதலாவது சார்புக் கொள்கை. இயக்கவியல் மட்டுமன்றி மின்னியல், காந்தவியல், ஒளியியல் என எல்லா விதிகளும் எல்லா நிலைமச் சட்டகங்களிலும் ஒன்றே. கலிலியோவின் கப்பல் அறைக்குள் விளக்கையும் காந்தத்தையும் கொண்டு சென்றாலும் கப்பலின் இயக்கத்தைக் கண்டறிய முடியாது என்பது இதன் பொருள். இதனால் ஈத்தர் தேவையற்றதாகிறது.

இரண்டாவது, ஒளி மூலம் எந்த வேகத்தில் இயங்கினாலும் வெற்றிடத்தில் ஒளியின் வேகம் மாறாது என்பது. முதல் எடுகோளுடன் இதனைச் சேர்த்தால், ஒளியைத் துரத்திக்கொண்டு ஓடுபவரும் ஒளிக்கு எதிரே ஓடுபவரும் ஒரே வேகத்தையே அளப்பர் என்றாகிறது. அந்த வேகம் நொடிக்கு 29,97,92,458 மீட்டர் ஆகும். 1983 முதல் மீட்டர் என்னும் அலகே இவ்வெண்ணைக் கொண்டு வரையறுக்கப்படுவதால் இதில் அளவீட்டுப் பிழை என்று ஒன்றில்லை. கீழ்வரும் கணக்குகளில் இது நொடிக்கு 30 கோடி மீட்டர் எனக் கொள்ளப்படுகிறது.

ஒருங்குநிகழ்வின் சார்புத்தன்மை

300 மீட்டர் நீளமுள்ள ஒரு தொடர்வண்டி ஒளி வேகத்தில் 0.6 பங்கு வேகத்துடன் ஒரு நடைமேடையைக் கடந்து செல்வதாகக் கொள்வோம். வண்டியின் நட்டநடுவில் ஒரு விளக்கு உள்ளது. முன்முனையிலும் பின்முனையிலும் ஒளி பட்டவுடன் திறந்துகொள்ளும் கதவுகள் உள்ளன. விளக்கு ஒருமுறை மின்னுகிறது.

வண்டியில் இருப்பவரின் கணக்கு எளிது. ஒளி இருபுறமும் 150 மீட்டர் செல்ல வேண்டும். இரண்டு கதவுகளும் 0.5 மைக்ரோநொடியில் (ஒரு மைக்ரோநொடி என்பது நொடியில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு) ஒரே நேரத்தில் திறக்கின்றன.

நடைமேடையில் நிற்பவரின் கணக்கு வேறு. பின்னர் விளக்கப்படும் நீளக் குறுக்கத்தின்படி அவருக்கு வண்டியின் நீளம் 240 மீட்டர். ஆகவே விளக்கிலிருந்து ஒவ்வொரு முனையும் 120 மீட்டர் தொலைவில் உள்ளது. பின்கதவு ஒளியை நோக்கி வருகிறது. 0.25 மைக்ரோநொடியில் ஒளி 75 மீட்டரும் கதவு 45 மீட்டரும் நகர்ந்து சந்திக்கின்றன. முன்கதவோ ஒளியிடமிருந்து விலகி ஓடுகிறது. ஒளி அதனை எட்டும்போது 1 மைக்ரோநொடி கடந்துவிடுகிறது. அதற்குள் ஒளி 300 மீட்டரும் கதவு 180 மீட்டரும் சென்றிருக்கும். எனவே நடைமேடையில் நிற்பவருக்குப் பின்கதவு முன்கதவைவிட 0.75 மைக்ரோநொடி முன்னதாகத் திறக்கிறது.

இருவரில் யார் கூறுவது சரி? ஒளி தன் கண்ணுக்கு வந்துசேர எடுத்த நேரத்தை ஒருவர் கணக்கில் சேர்க்க மறந்ததால் வந்த வேறுபாடு அன்று இது. இருவரும் அதனைச் சரியாகக் கழித்த பின்னரே இவ்விடைகளைப் பெறுகின்றனர். நியூட்டனின் இயற்பியலில் நடைமேடைக்காரரின் ஒளி ஒருபுறம் வேகமாகவும் மறுபுறம் மெதுவாகவும் சென்று கணக்கைச் சரிசெய்துவிடும். ஒளி எல்லோருக்கும் ஒரே வேகத்தில்தான் செல்கிறது என்று ஏற்றபின் அந்த வழி அடைபட்டுவிடுகிறது. இருவரின் விடையும் சரியே. "இப்போது" என்பது உலகம் முழுவதற்கும் பொதுவான ஒன்று அன்று.

கால நீட்டிப்பு

இரண்டு கண்ணாடிகளுக்கு இடையே மேலும் கீழுமாக ஒளி எதிரொளித்துக்கொண்டிருக்கும் ஒரு கருவியைக் கடிகாரமாகக் கொள்ளலாம். அக்கடிகாரம் பக்கவாட்டில் ஒளி வேகத்தில் 0.6 பங்கு வேகத்துடன் செல்லும்போது, நிற்பவருக்கு ஒளி சாய்வான பாதையில் செல்வதாகத் தெரியும். கண்ணாடிகளுக்கு இடையிலான உயரம் 4 பங்கு எனில், ஒளி 5 பங்கு தொலைவு செல்வதற்குள் கடிகாரம் 3 பங்கு நகர்ந்திருக்கும். பள்ளியில் கற்ற 3, 4, 5 செங்கோண முக்கோணமே இங்கு வருகிறது. ஒளியின் வேகம் மாறாததால், கடிகாரத்துடன் செல்பவருக்கு 4 அலகாக உள்ள நேரம் நிற்பவருக்கு 5 அலகாகிறது. விகிதம் 1.25.

இவ்விகிதமே லோரன்ட்ஸ் காரணி எனப்படும். வேகத்தை "வே" என்றும் ஒளி வேகத்தை "ஒ" என்றும் குறித்தால்,

லோரன்ட்ஸ் காரணி = 1 ÷ √(1 − வே²/ஒ²)

ஒளி வேகத்தில் பத்தில் ஒரு பங்கில் இக்காரணி 1.005 மட்டுமே. பாதி வேகத்தில் 1.155, 0.9 பங்கில் 2.29, 0.99 பங்கில் 7.09 என உயர்ந்து, ஒளி வேகத்தை நெருங்க நெருங்க எல்லையின்றி வளர்கிறது. மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் செல்லும் விமானத்தில் ஒரு மணி நேரத்துக்கு இவ்விளைவு ஏறத்தாழ ஒரு நானோநொடி, அதாவது நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு அளவே. அன்றாட வாழ்வில் இது புலப்படாததில் வியப்பில்லை.

மெதுவாவது ஒளிக் கடிகாரம் மட்டும் அன்று. மற்ற கடிகாரங்கள் அதனுடன் ஒத்துப்போகாவிட்டால், அவ்வேறுபாட்டைக் கொண்டே வண்டியின் இயக்கத்தை உள்ளிருந்து கண்டறிந்துவிடலாம். அது முதல் எடுகோளுக்கு முரணாகும். ஆகவே இதயத்துடிப்பு, கதிரியக்கச் சிதைவு, வேதிவினை அனைத்தும் அதே விகிதத்தில் மெதுவாகின்றன. வண்டியில் இருப்பவருக்கு எதுவும் மெதுவாகத் தோன்றாது.

வண்டியில் இருப்பவரும் நடைமேடைக் கடிகாரமே மெதுவாக நடக்கிறது என்பார். இது முரண்பாடு போலத் தோன்றினும் அன்று. ஓடும் ஒரு கடிகாரத்தைச் சோதிக்க, பாதையில் வெவ்வேறு இடங்களில் வைக்கப்பட்டு ஒன்றோடொன்று ஒத்திசைக்கப்பட்ட இரு கடிகாரங்களுடன் அதனை ஒப்பிட வேண்டும். ஒருவர் ஒத்திசைத்த கடிகாரங்கள் மற்றவருக்கு ஒத்திசைந்தவையாக இல்லை. இருவரும் ஒரே அளவீட்டைச் செய்யவில்லை.

நீளக் குறுக்கமும் சுரங்கப்பாதைப் புதிரும்

ஓடும் பொருளின் நீளத்தை அளப்பது என்றால் அதன் இரு முனைகளும் ஒரே நேரத்தில் எங்கெங்கு இருந்தன என்று குறித்து இடைத்தொலைவை அளப்பதாகும். "ஒரே நேரத்தில்" என்னும் சொல் இங்கும் நுழைவதைக் கவனிக்கலாம். இயக்கத் திசையில் நீளம் லோரன்ட்ஸ் காரணியால் வகுபட்டுக் குறைகிறது. இயக்கத்துக்குச் செங்குத்தான அளவுகள் மாறுவதில்லை. மேற்கண்ட 300 மீட்டர் வண்டி நடைமேடைக்கு 240 மீட்டராவது இதனால்தான்.

அவ்வண்டி சரியாக 240 மீட்டர் நீளமுள்ள ஒரு சுரங்கப்பாதையில் நுழைகிறது எனக் கொள்வோம். சுரங்கப்பாதையின் காவலருக்கு ஒரு கணம் வண்டி முழுவதும் உள்ளே அடங்கிவிடுகிறது. அக்கணத்தில் இருபுறக் கதவுகளையும் அவர் மூடி, உடனே திறந்துவிடுகிறார். வண்டி மோதாமல் வெளியேறுகிறது. ஆனால் வண்டியில் இருப்பவருக்குச் சுரங்கப்பாதையே எதிரே ஓடிவருகிறது. அதன் நீளம் 192 மீட்டராகக் குறுகியுள்ளது. 300 மீட்டர் வண்டி 192 மீட்டர் சுரங்கத்துக்குள் எவ்வாறு அடங்கும்?

அடங்கவில்லை என்பதே விடை. வண்டியில் இருப்பவருக்கு இரு கதவுகளும் ஒரே நேரத்தில் மூடப்படவில்லை. வெளியேறும் வாயிலின் கதவு முதலில் மூடித் திறக்கிறது. வண்டியின் முன்முனை அப்போதுதான் அவ்வாயிலை எட்டுகிறது. அந்நேரத்தில் வண்டியின் பின்பகுதி 108 மீட்டர் நுழைவாயிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். 0.6 மைக்ரோநொடி கழித்துப் பின்முனையும் உள்ளே நுழைந்தபின் நுழைவாயில் கதவு மூடப்படுகிறது. வண்டி எந்தக் கதவிலும் மோதவில்லை என்பதில் இருவரும் உடன்படுகின்றனர். மோதல் ஓரிடத்தில் நிகழும் நிகழ்வு ஆதலால் அதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. வண்டி "முழுவதும் ஒரே நேரத்தில்" உள்ளே இருந்ததா என்பதில் மட்டுமே வேறுபடுகின்றனர்.

இரட்டையர் புதிர்

இரட்டையரில் ஒருவர் 6 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள விண்மீனுக்கு 0.6 பங்கு ஒளி வேகத்தில் சென்று அதே வேகத்தில் திரும்புகிறார். புவியில் இருந்தவருக்கு 20 ஆண்டுகள் கழிகின்றன. பயணிக்கோ 16 ஆண்டுகளே ஆகின்றன. இயக்கம் சார்பானது எனில், பயணியின் பார்வையில் புவியில் இருந்தவர் அல்லவா இளையவராக இருக்க வேண்டும் என்பதே புதிர்.

இருவரின் நிலையும் ஒன்றன்று. புவியில் இருப்பவர் முழுவதும் ஒரே நிலைமச் சட்டகத்தில் இருக்கிறார் (புவியின் சிறு முடுக்கங்கள் இங்குப் புறக்கணிக்கத்தக்கவை). பயணி செல்லும்போது ஒரு சட்டகத்திலும் திரும்பும்போது வேறொன்றிலும் இருக்கிறார். விண்மீனை எட்டும்போது பயணியின் கடிகாரம் 8 ஆண்டுகளைக் காட்டும். செல்லும் சட்டகத்தின் கணக்குப்படி அப்போது புவியில் 6.4 ஆண்டுகளே கழிந்துள்ளன. திரும்பும் சட்டகத்தின் கணக்குப்படியோ அதே தறுவாயில் புவியில் 13.6 ஆண்டுகள் கழிந்துவிட்டன. திரும்பும் பயணத்தில் மேலும் 6.4 ஆண்டுகள் சேர 20 ஆகிறது. இடையிலுள்ள 7.2 ஆண்டுகளில் புவியில் விந்தை எதுவும் நிகழவில்லை. தொலைவிலுள்ள புவியில் "இப்போது" என்பது எது என்னும் பயணியின் கணக்கே மாறியது. முடுக்கத்தைக் கையாளப் பொதுச் சார்புக் கோட்பாடு தேவை என்று சில நூல்களில் காணப்படும் கூற்று சரியன்று. சிறப்புச் சார்புக் கோட்பாடே இதற்குப் போதுமானது.

வேகங்களைக் கூட்டுதல்

0.6 பங்கு ஒளி வேகத்தில் செல்லும் வண்டியிலிருந்து அதே திசையில் 0.6 பங்கு வேகத்தில் ஒரு பொருளை எறிந்தால், நடைமேடைக்கு அதன் வேகம் 1.2 பங்கு ஆகாது. இரு வேகங்களின் கூட்டுத்தொகையை, 1 உடன் அவற்றின் பெருக்கற்பலனைக் கூட்டி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். 1.2 ஐ 1.36 ஆல் வகுக்க 0.88 பங்கு கிடைக்கிறது. ஒளி வேகத்துடன் எதனைக் கூட்டினாலும் ஒளி வேகமே வரும்.

1851 இல் இப்போலித் பீசோ ஓடும் நீரில் ஒளியின் வேகத்தை அளந்தபோது, நீரின் வேகத்தில் ஒரு பகுதி மட்டுமே ஒளியுடன் சேர்வதைக் கண்டார். ஈத்தரை நீர் ஓரளவு இழுத்துச் செல்கிறது என்று அதற்கு அப்போது விளக்கம் தரப்பட்டது. இழுக்கப்பட ஈத்தர் எதுவும் தேவையில்லை, இக்கூட்டல் விதியே போதும் என்று 1907 இல் மாக்ஸ் வான் லாவே காட்டினார்.

வெளிநேரம்

சூரிச்சில் ஐன்ஸ்டைனுக்குக் கணிதம் கற்பித்தவர்களுள் ஒருவரான ஹெர்மன் மின்கோவ்ஸ்கி, 1908 இல் கோல்ன் நகரில் ஆற்றிய உரையில் இக்கோட்பாட்டுக்கு வடிவியல் உருவம் தந்தார். வெளியும் நேரமும் தனித்தனியே நோக்கரைப் பொறுத்து மாறினாலும், இரு நிகழ்வுகளுக்கு இடையே மாறாத ஓர் அளவு உண்டு. அவற்றுக்கு இடையில் ஒளி செல்லக்கூடிய தொலைவின் வர்க்கத்திலிருந்து, அவற்றின் இடைத்தொலைவின் வர்க்கத்தைக் கழித்தால் வரும் எண்ணே அது. இது இடைவெளி எனப்படுகிறது. மேற்கண்ட இரட்டையர் பயணத்தில் ஒருவழிக்கு இதனைச் சரிபார்க்கலாம். புவியின் கணக்கில் 10 இன் வர்க்கத்திலிருந்து 6 இன் வர்க்கத்தைக் கழிக்க 64. பயணிக்கு நேரம் 8, தொலைவு 0. அதுவும் 64.

இந்த எண் நேரியமாக இருந்தால், முதல் நிகழ்விலிருந்து இரண்டாவதற்கு ஒளியைவிட மெதுவாகச் செல்லும் ஒரு பொருள் சென்றுசேர முடியும். அத்தகைய நிகழ்வுகளின் முன்பின் வரிசை எவருக்கும் மாறாது. மகன் தந்தைக்கு முன் பிறந்ததாக எந்த நோக்கரும் காண மாட்டார். எண் எதிர்மமாக இருந்தால் ஒளியால் கூட ஒன்றிலிருந்து மற்றொன்றை எட்ட முடியாது. அந்நிகழ்வுகளின் வரிசை நோக்கரைப் பொறுத்தது. ஆனால் ஒன்றுக்கு மற்றொன்று காரணமாகவும் முடியாது. தொடர்வண்டிக் கதவுகள் இவ்வகையைச் சேர்ந்தவை. ஒளியைவிட விரைவாகச் செய்தி அனுப்ப முடிந்தால் சில நோக்கர்களுக்கு விளைவு காரணத்துக்கு முந்திவிடும் என்பதே, ஒளி வேகம் வரம்பாக அமைவதன் ஆழ்ந்த பொருள்.

நிறையும் ஆற்றலும்

1905 செப்டம்பரில் அனுப்பிய சிறு கட்டுரை ஒன்றில், ஒரு பொருள் ஆற்றலை வெளிவிடும்போது, அந்த ஆற்றலை ஒளி வேகத்தின் வர்க்கத்தால் வகுத்த அளவுக்கு அதன் நிறை குறைகிறது என்று ஐன்ஸ்டைன் காட்டினார். ஆற்றல் = நிறை × ஒளி வேகத்தின் வர்க்கம் என்று உலகமே அறிந்த சமன்பாடு இதுவே. ஒரு கிராம் நிறைக்கு ஈடான ஆற்றல் ஏறத்தாழ இரண்டரைக் கோடி யூனிட் மின்சாரத்துக்குச் சமம்.

இச்சமன்பாடு அணுகுண்டின் செய்முறை என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. அது பொருந்தாது. எரியும் தீக்குச்சிக்கும் இதே சமன்பாடுதான். ஒரு கிலோகிராம் நீரை 30 பாகையிலிருந்து 100 பாகை செல்சியசுக்குச் சூடாக்கினால் அதன் நிறை ஏறத்தாழ 30,000 கோடியில் ஒரு பங்கு கூடுகிறது. அதனை அளக்கத் தராசு இல்லை என்பதே குறை. யுரேனியம் பிளவுறும்போது நிறையில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான அளவும், கதிரவனில் ஐதரசன் ஹீலியமாக மாறும்போது 0.7 விழுக்காடும் ஆற்றலாக வெளிப்படுகின்றன. கதிரவன் இவ்வாறு நொடிக்கு 40 இலட்சம் டன்னுக்கும் அதிகமான நிறையை இழக்கிறது. 1932 இல் ஜான் காக்கிராப்டும் எர்னஸ்ட் வால்ட்டனும் லித்தியம் அணுக்கருவைப் புரோட்டானால் பிளந்தபோது, இழந்த நிறையும் பெற்ற ஆற்றலும் ஒத்திருந்தது இச்சமன்பாட்டுக்கு நேரடிச் சான்றாயிற்று.

வேகம் கூடினால் நிறை கூடும் என்று பழைய பாடநூல்கள் பலவற்றில் காணலாம். நிறை என்னும் சொல்லைப் பொருள் ஓய்வில் இருக்கும்போதுள்ள, மாறாத நிறைக்கு மட்டும் பயன்படுத்துவதே இன்றைய இயற்பியலாளர் வழக்கம். ஐன்ஸ்டைனும் 1948 இல் எழுதிய கடிதம் ஒன்றில் இதனையே பரிந்துரைத்தார். உந்தமும் ஆற்றலும் லோரன்ட்ஸ் காரணியுடன் சேர்ந்து எல்லையின்றி வளர்வதாலேயே, நிறையுள்ள எப்பொருளும் ஒளி வேகத்தை எட்ட முடிவதில்லை. செனீவாவுக்கு அருகிலுள்ள பெரிய ஆட்ரான் மோதுவியில் புரோட்டான்கள் ஒளியைவிட நொடிக்கு ஏறத்தாழ 3 மீட்டரே குறைவான வேகத்தில் சுற்றுகின்றன. மேலும் எவ்வளவு ஆற்றல் தந்தாலும் அந்த 3 மீட்டர் குறையுமேயன்றி இல்லாமற் போகாது.

சோதனைச் சான்றுகள்

கால நீட்டிப்புக்கு மிகத் தெளிவான சான்று மியூவான் என்னும் துகளிடமிருந்து கிடைத்தது. அண்டக் கதிர்கள் வளிமண்டலத்தின் மேற்பகுதியில் மோதும்போது தோன்றும் இத்துகளின் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோநொடி. ஒளி வேகத்தில் சென்றாலும் அதற்குள் 660 மீட்டரே கடக்க முடியும். ஆயினும் பல கிலோமீட்டர் உயரத்தில் தோன்றும் மியூவான்கள் நிலத்தை எட்டுகின்றன. டேவிட் பிரிஷும் ஜேம்ஸ் ஸ்மித்தும் 1963 இல் வெளியிட்ட சோதனையில், அமெரிக்காவின் வாஷிங்டன் மலையில் ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில் மணிக்குச் சுமார் 560 மியூவான்களைப் பதிவு செய்தனர். கால நீட்டிப்பு இல்லையெனில் கடல் மட்டத்தில் 27 அளவே எஞ்சியிருக்க வேண்டும். கிடைத்தவை 400க்கும் மேல். மியூவானின் பார்வையில் அதன் ஆயுள் நீளவில்லை. மலைதான் ஏறத்தாழ 200 மீட்டராகக் குறுகிவிட்டது. ஐரோப்பிய அணுக்கரு ஆய்வு மையத்தின் சேமிப்பு வளையத்தில் லோரன்ட்ஸ் காரணி 29.3 ஆக இருக்கும்படி சுழற்றப்பட்ட மியூவான்கள் 64 மைக்ரோநொடிக்கு மேல் சராசரியாக வாழ்ந்தது 1977 இல் வெளியிடப்பட்டது.

1971 அக்டோபரில் ஜோசப் ஹாபெலும் ரிச்சர்டு கீட்டிங்கும் அணுக் கடிகாரங்களைப் பயணிகள் விமானங்களில் வைத்து உலகைச் சுற்றிவந்தனர். தரையில் இருந்த கடிகாரங்களோடு ஒப்பிட, கிழக்கு நோக்கிச் சென்றவை 59 நானோநொடி பின்தங்கின. மேற்கு நோக்கிச் சென்றவை 273 நானோநொடி முந்தின. ஈர்ப்பின் விளைவும் இவ்வெண்களில் அடங்கியுள்ளது. திசையைப் பொறுத்து வேறுபாடு வருவதற்குக் காரணம், தரையும் புவியுடன் சுழல்வதே.

புவியிடங்காட்டிச் செயற்கைக்கோள்கள் நொடிக்கு 3.9 கி.மீ. வேகத்தில் செல்வதால் அவற்றின் கடிகாரங்கள் நாளொன்றுக்கு 7 மைக்ரோநொடி பின்தங்குகின்றன. ஈர்ப்பு குறைந்த உயரத்தில் இருப்பதால் 45 மைக்ரோநொடி முந்துகின்றன. ஆக 38 மைக்ரோநொடி வேறுபாடு. அந்நேரத்தில் ஒளி 11 கி.மீ. சென்றுவிடும். இதற்கு ஈடுசெய்யும் வகையில் கடிகாரங்களின் அதிர்வெண் ஏவுவதற்கு முன்னரே சற்றுக் குறைத்து அமைக்கப்படுகிறது.

தங்கத்தின் நிறத்துக்கும் இக்கோட்பாட்டுக்கும் தொடர்புண்டு என்பது பலருக்குப் புதிதாக இருக்கலாம். 79 புரோட்டான்களைக் கொண்ட தங்க அணுக்கருவின் அருகே எலக்ட்ரான்கள் ஒளி வேகத்தில் பாதிக்கும் மேற்பட்ட வேகத்தை உடையவை. அதனால் அணுவின் ஆற்றல் மட்டங்கள் இடம்பெயர்ந்து, தங்கம் நீல ஒளியை உட்கவர்கிறது. சார்பு விளைவுகள் இல்லையெனில் அது வெள்ளியைப் போல வெண்மையாகவே இருந்திருக்கும்.

2011 செப்டம்பரில், செனீவாவிலிருந்து 730 கி.மீ. தொலைவிலுள்ள இத்தாலியின் கிரான் சாசோ ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்ட நியூட்ரினோக்கள் ஒளியைவிட 60 நானோநொடி முன்னதாக வந்ததாக ஓபெரா ஆய்வுக் குழு அறிவித்தது. தம் அளவீட்டில் பிழை எங்குள்ளது என்று கண்டறிய உதவுமாறு அக்குழுவினரே பிற அறிவியலாளரைக் கேட்டுக்கொண்டனர். 2012 இல் கடிகார அமைப்பின் ஒளியிழை வடம் ஒன்று சரியாகப் பொருத்தப்படாமல் இருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. அவ்வாண்டு மீண்டும் அளந்தபோது நியூட்ரினோக்கள் ஒளியை முந்தவில்லை.